அம்மியும் நகரும்

ஜூன் 2, திங்கள்

என் பெயர் குருவையா. இதை எழுதுவது நான்தான். வேறு யாரும் இல்லை.

இந்த டைரியை முதியோர் எழுத்தறிவு வகுப்பு செல்வமேரி டீச்சர் கொடுத்தார். போன வருஷத்து டைரி. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு மேலே புதுத் தேதி போட்டுக்கொள்ளச் சொன்னார். தினமும் ஏதாவது எழுத வேண்டும், பொய் எழுதக் கூடாது, வேறு விதி கிடையாது என்றார். பரிட்சைக்கு இதுதான் பயிற்சி.

டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே இருப்பதை எழுதி முடிப்பதற்குள் ஆறிவிட்டது. ஆறின டீயைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி வரச் சொன்னார் டீச்சர்.

நான். பஞ்சு மில்லில் மூட்டை தூக்கினேன், இப்போது வேலை இல்லை. என் மனைவி ஆவுடைத்தாய். மகன் செண்பகராஜ், லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மருமகள் காளீஸ்வரி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தை மாதம் ஆவுடைத்தாய் குழாயடியில் விழுந்தாள். வலது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. அதிலிருந்து காளீஸ்வரி வேலைக்குப் போவதில்லை.

ஆவுடைத்தாய்க்குக் காது நன்றாகக் கேட்கும். நாம் சொல்வதெல்லாம் புரியும். கண்ணால் பதில் சொல்வாள்.

அவள் பெயரை எழுதிக் காட்டினேன். ஆ. வு. டை. ஒவ்வொரு எழுத்தாக அவள் கண் என் விரல் பின்னாலேயே வந்தது.

ஜூன் 5, வியாழன்

இன்றைக்கு வகுப்பில் பழமொழி. டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்டார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். எனக்கு எழுத வராத 'ழ' இதில் ஒன்றுகூட இல்லை. எனக்கு மிகவும் சந்தோஷம்.

அர்த்தம் சொல்லச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் உட்காரும் சொர்ணம், "அம்மிய எதுக்கு டீச்சர் நகத்தணும்? அது பாட்டுக்குக் கெடக்கட்டும். கரண்டு வந்தா மிக்சி அரைச்சிட்டுப் போகுது" என்றாள். டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். பெரிய காரியமாக இருந்தாலும் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் முடியும் என்பதுதான் அர்த்தமாம். நான் இந்த வயதில் எழுதுவதே அதற்கு உதாரணமாம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அம்மியை யாரும் அடித்து நகர்த்துவதில்லை. அரைக்கும்போது அதுவாக நகரும். குழவியைத் தள்ளத் தள்ள, கண்ணுக்குத் தெரியாமல் நகரும். அரைத்து முடித்ததும் ஆவுடைத்தாய் காலால் ஓர் உந்து உந்தி அதைச் சுவரோரம் சேர்ப்பாள். நகர்ந்தது அம்மிக்குத் தெரிந்திருக்காது.

கல்யாணத்தில் அவள் காலைப் பிடித்து நான்தான் அம்மி மேல் வைத்தேன். அம்மி மாதிரி அசையாமல் இருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னார்கள். இப்போது டீச்சர் அம்மி நகரும் என்கிறார். பரிட்சையில் எதை எழுதுவது என்று கேட்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

பழமொழியை நானே பயன்படுத்திப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அதை அவளுடைய வலது கையில் வைத்து, விரல்களை மேலே மடக்கி, என் கையால் அழுத்த வேண்டும். முன்பு நினைத்தால் செய்வேன். இப்போது காலையிலும் மாலையிலும் விடாமல் செய்கிறேன். அழுத்தும்போது பழமொழியைச் சொல்லிக்கொள்கிறேன். எழுத்தும் மனப்பாடம் ஆகிறது, கைக்கும் பயிற்சி ஆகிறது.

விரல் இன்னும் பச்சைக் கத்தரிக்காய் மாதிரி குளிர்ந்து கிடக்கிறது. பரவாயில்லை.

ரேஷன் கடைப் பலகையில் 'பருப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். நாலைந்து பேர் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் 11, புதன்

ஆவுடைத்தாயின் இடுப்புக்குக் கீழே புண் பெரிதாகிவிட்டது. காளீஸ்வரிதான் கழுவி மருந்து போடுகிறாள். புரட்டும்போது ஆவுடைத்தாய் போடும் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது.

துணி அலசிக்கொண்டிருந்த காளீஸ்வரி திடீரென்று வாளியைத் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அலசித் தருகிறேன் என்று போனேன். "நீங்க எழுதுங்க மாமா. எழுதுனதுபோக நேரம் இருந்தா வாங்க" என்றாள். அதற்குப் பிறகு அவளே, "நானும் மனுஷிதான மாமா" என்றாள். நான் மீதித் துணியை அலசினேன்.

பரிட்சை இருபத்திரண்டாம் தேதி. டவுன் பள்ளிக்கூடத்தில்.

ஜூன் 13, வெள்ளி

ஆவுடைத்தாயின் தம்பி மாரிக்கண்ணு வந்திருக்கிறார். ஆரஞ்சும் பன்னும் வாங்கி வந்தார். அக்காவைப் பார்த்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தம்பி மேல் அவ்வளவு பாசம்.

சாப்பிட்ட பிறகு அவரும் செண்பகராஜும் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஜூன் 14, சனி

மாரிக்கண்ணு ஊருக்குப் போகவில்லை.

காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய ஆத்தா கடைசிக் காலத்தில் பட்ட பாட்டைச் சொன்னார். மத்தியானம் அதையே மறுபடி சொன்னார். "நாங்க தலைக்கு ஊத்துனோம் அத்தான். எங்க ஆத்தா தூங்குற மாதிரிப் போனா."

டீச்சர் வேறு ஜில்லாக்காரர். அவருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். வரவும் முடியாமல் போகவும் முடியாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். இளநீர் கொடுப்பார்கள். குளிர் உள்ளே இறங்கிக் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். யாரும் அதைக் கொல்வது என்று சொல்ல மாட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கட்டினவர் சரி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மட்டும் செய்ய மாட்டார்கள்.

இந்தப் பக்கத்தை டீச்சரிடம் காட்ட மாட்டேன்.

ஆவுடைத்தாய் இன்றைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்றே சொல்லலாம். வாயைத் திறந்து காட்டினாள்.

ஜூன் 15, ஞாயிறு

மாரிக்கண்ணு அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் கேட்டார். டீக்கடையில் கேட்டார். குழாயடியில் குடம் நிறையும் நேரத்தில் கேட்டார். கோபமாகக் கேட்பதில்லை. வாழைப்பழம் உரித்துக் கொடுத்துவிட்டுக் கேட்கிறார். மெதுவாகத்தான் கேட்கிறார்.

வகுப்பில் கழித்தல் கணக்கு. கடன் வாங்கிக் கழிப்பது எனக்கு வந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

புண்ணில் புழு இருந்தது. காளீஸ்வரி வாந்தி எடுத்தாள். பிறகு வாயைக் கழுவிவிட்டு வந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். செண்பகராஜ் வாசலில் நின்று ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பந்தை வைத்து அழுத்தினேன். சுண்டுவிரல் அசைந்த மாதிரி இருந்தது. காளீஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குத் தெரியவில்லை. என் கை நடுங்கினதால் அப்படி இருக்கலாம்.

ஜூன் 18, புதன்

மாட்டுக்கொட்டகைப் பக்கம் விறகு எடுக்கப் போனேன். அந்தப் பக்கம் செண்பகராஜும் மாரிக்கண்ணுவும் இருந்தார்கள். செண்பகராஜ், "அய்யா சம்மதிக்கவே மாட்டாரு மாமா. விட்டுருங்க" என்றான். மாரிக்கண்ணு சொன்னார்: "விடக் கூடாது மாப்ளே. இன்னைக்கு ஒரு வார்த்த, நாளைக்கு ஒரு வார்த்த. அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்க. அத்தான் என்ன, அம்மியவிடக் கனமா?"

அவர் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் பழமொழியைச் சரியான இடத்தில் சொன்னார். இப்படியும் அதைச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

விறகை எடுக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

செண்பகராஜ் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவனாக இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இன்றைக்கும் அவன் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாரிக்கண்ணுதான் பேசினார். "அக்கா படுற பாட்ட நீங்க பாக்குறீங்களா அத்தான், இல்ல நோட்டையே பாக்குறீங்களா? ஒங்களுக்காகத்தான் அவ உசுரப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்கா. ஒரு வார்த்த சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நல்ல நாளு."

காளீஸ்வரி அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். கட்டிலில் ஆவுடைத்தாய் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான், "ஞாயித்துக்கிழமை எனக்குப் பரிட்சை" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மாரிக்கண்ணு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "போய் நல்லா எழுதிட்டு வாங்க அத்தான். இங்க நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

ஆவுடைத்தாயின் தங்கை பிள்ளைகளோடு வந்தாள். மில்லில் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் வந்தார்கள். வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் அவள் கையைப் பிடித்துப் பேசினார்கள். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார்கள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 21, சனி

செண்பகராஜ் நல்லெண்ணெய் வாங்கி வந்தான். இளநீர்க் குலை ஒன்றும் வந்திருக்கிறது. வெயில் காலம். இளநீர் நல்லது.

காளீஸ்வரி பால்கொழுக்கட்டை செய்தாள். ஆவுடைத்தாய்க்குப் பிடித்தது. மடியில் தலையைத் தூக்கி வைத்து ஒவ்வொன்றாகப் பிசைந்து ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். ரொம்ப நேரம் அப்படியே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். பென்சில் சீவினேன். பேனாவில்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பந்தை வைத்து அழுத்தவில்லை. ஆட்கள் இருந்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

பரிட்சை எழுதிவிட்டேன்.

காலையில் புறப்படும்போது ஆவுடைத்தாயிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று போனேன். கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று வந்துவிட்டேன். இமை துடித்துக்கொண்டிருந்தது.

சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முழங்கால் இடித்தது. சொர்ணம் எனக்கு முன்னால் இருந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்து டீச்சரிடம் திட்டு வாங்கினாள். பெயர், ஊர், முகவரி எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒரு பத்தி கொடுத்து அதிலிருந்து கேள்வி. கழித்தல் கணக்கு கடன் வாங்குவதுதான் வந்தது. கடைசியில் ஒரு பழமொழியை எழுதி அதற்கு உதாரணம் தர வேண்டும். எனக்கு எது தெரியுமோ அதையே எழுதினேன். உதாரணமாக இப்படி எழுதினேன்: என் மனைவி ஆவுடைத்தாய்க்கு வலது கை விளங்காது. நான் தினமும் பந்தை வைத்து அழுத்துகிறேன். ஒரு நாள் விரல் நகரும்.

ஓர் எழுத்தும் தப்பில்லை.

சொர்ணம் முடித்துவிட்டுப் போனாள். மற்றவர்களும் போனார்கள். நான் புள்ளியெல்லாம் சரியாக வைத்திருக்கிறேனா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க அய்யா. குடுங்க. வீட்டுல அம்மா தேடுவாங்க" என்றார். கொடுத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது. எங்கள் ஊர் பெயர் போட்டிருந்தது. நானே படித்தேன். ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. அதையும் படித்தேன். பிறகு நடந்தே வந்தேன். வழியில் இருந்த எல்லாப் பலகைகளையும் நின்று படித்தேன். உரக்கடை, சிமெண்ட், கண் ஆஸ்பத்திரி, ஒரு காதணி விழா. எல்லாம் படிக்க வருகிறது.

வீட்டுக்கு வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அவளைப் புதுச் சேலை கட்டிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தலைமுடி ஈரமாக இருந்தது. சீயக்காய் வாசம் வந்தது. பல் அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள்.

பரிட்சையில் என்ன வந்தது என்று அவளிடம் சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

காய்ச்சல். மூச்சு கரகரவென்று இழுக்கிறது. போர்வையெல்லாம் போட்டு மூடினேன். என் வெள்ளைச் சட்டையையும் போட்டேன்.

வெயில் ஏறும் நேரத்தில் எழுந்து, "வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று செண்பகராஜிடம் சொன்னேன். அவன் உடனே எழுந்தான். ஆணியில் தொங்கின சாவியை எடுத்துவிட்டான். மாரிக்கண்ணு வாசலை மறிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "முடியில எண்ணெ இருக்கு. பாத்த ஒடனே கேப்பாங்க அத்தான். ஊத்துனது யாருன்னு கேப்பாங்க. ஒங்க மகனச் சொல்லுவீங்களா, மருமகளச் சொல்லுவீங்களா? சம்மதம் குடுத்தது யாருன்னும் கேப்பாங்க."

செண்பகராஜ் என்னைப் பார்த்தான். போ என்றால் போயிருப்பான். போலாமா என்று கேட்கிற சின்னப் பையன் மாதிரி நின்றான். நான் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியை ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது.

ஜூன் 24, செவ்வாய்

பந்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. வெறும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, புதன்

காலையில் ஆவுடைத்தாய் போய்விட்டாள்.

ஜூன் 28, சனி

பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அவள் பெயர் கருப்பு மையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அச்சில் அவள் பெயரை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கீழே 'இயற்கை எய்தினார்' என்று போட்டிருக்கிறது. இரண்டு சொல்லையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ற்' எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

டீக்கடைக்காரர் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அவருக்கும் படிக்கத் தெரியாது. பெயரை மட்டும் படித்துச் சொன்னேன்.

ஜூலை 4, வெள்ளி

டீச்சர் துக்கம் கேட்க வந்தார். என்னிடம் தனியாக, நான் பாஸ் என்று சொன்னார். பழமொழிக்கு முழு மதிப்பெண்ணாம். இந்த நேரத்தில் சொல்லலாமா என்று யோசித்ததாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுதக் கூடாது என்பதால் அதை எழுதுகிறேன். அவர் போன பிறகு சோறு இறங்கவில்லை.

டைரியைப் பார்க்கலாமா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

இன்றைக்குப் பதினாறாம் நாள். அவள் பிறந்த வீட்டுக்காரர்கள் எங்கள் தலையில் எண்ணெய் வைத்து முழுக வைக்க வேண்டும். அதோடு சாவுத் துட்டி கழியும். மாரிக்கண்ணுதான் வைக்க வேண்டும். முதலில் எனக்கு.

முற்றத்தில் மணை போட்டு உட்காரவைத்தார்கள். அவர் கிண்ணத்தோடு வந்து நின்றார். "தலையக் குனிங்க அத்தான்" என்றார். நான் குனியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டேன். இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"லேசுல வரல அத்தான். தூக்கப் போறோம், கட்டில் கயித்தப் பிடிச்சுக்கிட்டா. அப்படி ஒரு பிடி. ஒரு வெரல எடுத்தா இன்னொரு வெரல் போய்ப் பிடிச்சுக்கிடுது. காளீஸ்வரி அழுதுக்கிட்டேதான் பிரிச்சா."

காளீஸ்வரி தண்ணீர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எந்தக் கை என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். கட்டில் கிடந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். "எடது கைய நான்தான பிடிச்சிருந்தேன். அது செவத்துப் பக்கம். அக்கா கயித்தப் பிடிச்சது இந்தப் பக்கம்" என்று தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். தூக்கின கையை இறக்காமல் அப்படியே என்னைப் பார்த்தார்.

எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்தேன்.